கார்டு நண்பருடையது, சங்கிலி அம்மாவுடையது, போன் யாருடையது?

வழக்கறிஞரான எனக்குக் கேள்வி அனுப்பியவர் 25 வயது இளைஞர். உசிலம்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். மதுரை வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், கோச்சடையில் நண்பர்கள் இருவரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். கையில் வரும் சம்பளம் 31,400 ரூபாய். ஐந்து பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, சிகரெட் இல்லை. இருக்கும் ஒரே ஆசை நல்ல செல்போன். நான் வாங்க நினைக்கும் போனின் விலை 1,34,900 ரூபாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் பைபாஸ் ரோட்டில் உள்ள கடைக்குப் போய் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். கடைக்காரர்களுக்கு என் பெயரே தெரியும். போன சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கும்போது ஏ.வி. பாலத்தின் மேல் விடிய விடிய நின்றேன். என் பழைய போனில் விழுந்தது ஒரு மஞ்சள் வெளிச்சமும் ஒரு பச்சைப் புள்ளியும்தான். பக்கத்தில் நின்றவர் தன் போனில் எடுத்ததைக் காட்டினார்; குதிரையின் கண் தெரிந்தது. அலுவலகத்திலும் திரை விரிசல் விட்ட போனை மேசைமேல் வைக்கக் கூச்சமாக இருக்கிறது.

என் பெயரில் கடன் கேட்டபோது, 'ஸ்கோர் (கடன் மதிப்பெண்) வரவில்லை' என்று சொல்லிவிட்டார்கள். இப்போது என்முன் நான்கு வழிகள். ஒன்று, உடன் வேலை பார்க்கும் நண்பர் தன் கிரெடிட் கார்டில் 24 மாத வட்டியில்லாத் தவணையில் வாங்கித் தருகிறேன் என்கிறார், மாதம் 5,621 ரூபாயை அவருக்கு நான் அனுப்பிவிட வேண்டும். இரண்டு, அம்மாவின் பெயரில் கடையிலேயே கடன்; ஆதாரும் ஓடிபியும் போதும், பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார் அங்கே உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவன ஊழியர். மூன்று, அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைப்பது. இதை அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. நான்கு, இதே போனைப் பழையதாக 58,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் தெரிந்த ஒருவர்; பெட்டியும் பில்லும் கிடையாது. சட்டப்படி எது பாதுகாப்பு? கட்ட முடியாமல் போனால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடும் அல்லவா? தவணை தவறினால் போலீஸ் வருமா? கடையில் 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்று சீட்டில் எழுதியிருக்கிறது.

பி.கு.: கல்லூரி கடைசி ஆண்டில் 'பிறகு கட்டலாம்' முறையில் 1,900 ரூபாய்க்கு இயர்போன் வாங்கினேன். பிறகு சிம் மாற்றிவிட்டேன். அது என்ன ஆனதென்று நினைவில்லை."

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போன் ஆசையைப் பற்றி எழுதியிருப்பதில் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தொனி இருக்கிறது. அது தேவையில்லை. உள்ளே வரும் அழைப்புக்கும் காசு பிடுங்கிய காலத்தில், என் சீனியர் கோர்ட் வளாகத்தில் செல்போனைச் சட்டைப்பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பார். அழைப்பு வந்தால் எடுக்க மாட்டார், காசு போகும். ஜூனியர்களான நாங்கள் அதை ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பார்க்கக் காரணம் தேடுவோம். ஆகவே, ஆசை கூடாது என்று உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. குதிரையின் கண் தெரிய வேண்டும் என்பது நல்ல ஆசை.

என்னை உறுத்தியது வேறு. நீங்கள் எழுதிய நான்கு வழிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் கடன் நண்பருடையது. இரண்டாவதில் அம்மாவுடையது. மூன்றாவதில் நகை அம்மாவுடையது. நான்காவதில் போனே, பெரும்பாலும், யாரோ தொலைத்தது. போனைப் பிடிக்கப் போகும் கை மட்டும் உங்களுடையது. உங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. சட்டம் கையைப் பார்ப்பதில்லை, காகிதத்தில் உள்ள பெயரைத்தான் பார்க்கும்.

'வட்டியில்லாத் தவணை' என்பது

நண்பரின் கார்டிலிருந்து தொடங்குவோம். 1,34,900-ஐ 24-ஆல் வகுத்தால் 5,621 வருகிறது, அதனால் வட்டி இல்லை என்று நீங்கள் நம்புகிறீர்கள். வங்கி வட்டி வாங்காமல் இல்லை. நடப்பது இதுதான்: தயாரிப்பு நிறுவனமோ விற்பவரோ வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள், மீதித் தொகையை வங்கி கடனாக்கி அதன்மேல் வட்டி போடுகிறது, இரண்டும் சேர்ந்தால் பழைய விலை வந்துவிடுகிறது. ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கணக்கில் கடன் ஏறக்குறைய 1,14,800 ரூபாய், வட்டி 20,100 ரூபாய். கிரெடிட் கார்டு தவணையின் வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அது மட்டும் 3,600 ரூபாய்க்குமேல் வரும், அதை எந்தத் தள்ளுபடியும் மூடுவதில்லை. நடைமுறைக் கட்டணமும் (பிராசசிங் ஃபீ) அதற்கான ஜிஎஸ்டியும் தனி. போனின் விலைக்குள்ளேயே ஏற்கெனவே இருபதாயிரத்துச் சொச்சம் ஜிஎஸ்டி இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்; ஆனால் தெரிந்து வயிறெரிவதும் ஒரு வாங்குபவரின் உரிமைதான்.

இன்னொன்று: கடைக்காரரிடம் "தவணை வேண்டாம், முழுப் பணத்தையும் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் தொகைதான், வட்டி இல்லை என்று நீங்கள் நினைக்கும் தவணையின் உண்மையான வட்டி.

இனி நட்பு. வங்கிக்குத் தெரிந்தவர் நண்பர் ஒருவர்தான். ஒரு மாதம் நீங்கள் தவறினால் அபராதம் அவருக்கு, கடன் மதிப்பெண் இறங்குவதும் அவருக்கு. மறுபக்கமும் உண்டு. நீங்கள் ஒழுங்காக அனுப்பி, அவர் அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டால், வங்கியிடம் நீங்கள் போய் நிற்க முடியாது. 24 மாதங்களில் ஒருவர் பெங்களூருக்கு மாறிப் போகலாம், ஒருவருக்குக் கல்யாணம் ஆகலாம், இருவரும் பேசாமலும் போகலாம். இந்த வழியில்தான் போவது என்றால், தொகை, தவணை, தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், கடை பில்லை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். "நண்பனிடம் போய் எழுதி வாங்குவதா" என்று கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சத்தின் அளவைப் பாருங்கள். பணம் தவறும் நாளில் அது பத்து மடங்கு ஆகும்.

அம்மாவின் ஓடிபி

நான்கில் எனக்குக் கோபம் வந்தது இரண்டாவது வழியைப் படித்தபோது. உங்கள் மேல் வந்த கோபம் இல்லை, "பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன்" என்றவர் மேல்.

அம்மா தன் செல்போனுக்கு வந்த ஆறு எண்களை வாசித்துக் காட்டுவதை, "எண் கேட்டார்கள், சொன்னேன்" என்றுதான் நினைப்பார். அது கையெழுத்து. அந்த நொடியில் கடன்காரர் அவர் ஆகிவிடுகிறார். கூடவே, மாதாமாதம் அவர் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள அனுமதியும் கொடுத்துவிடுகிறார். நூறு நாள் வேலைச் சம்பளமும் மகளிர் குழுப் பணமும் வரும் கணக்கு அது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் தேதி நீங்கள் பணம் போட மறந்தால் அந்தக் கணக்கில் இருப்பதை எடுப்பார்கள். இல்லாவிட்டால், பணம் இல்லாமல் திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணமும் நிதி நிறுவனம் ஒரு கட்டணமும் போடும். நாளைக்குக் குழுவில் மாட்டுக்கடன் கேட்கும்போது, "உங்கள் பெயரில் செல்போன் கடன் நிலுவை" என்று பத்துப் பெண்களுக்கு நடுவில் வைத்துச் சொல்வார்கள். என் அலுவலகத்துக்கு மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருக்கிறார். மருமகனுக்காக ஓடிபி சொன்னவர். கொண்டுவந்த நோட்டீஸை மடித்து மடித்து முந்தானையில் முடிந்திருந்தார். அவிழ்க்கவே சற்று நேரம் ஆனது. தன் பெயரில் இருந்த போனை அவர் அதுவரை தொட்டுப் பார்த்ததில்லை.

உங்கள் பெயரிலேயே கடன் எடுக்கும் நாள் வந்தாலும் இவற்றை நினைவில் வையுங்கள். கடன் தருபவர் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கையெழுத்துக்கு முன் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி; 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் வாங்கும் புதிய சில்லறைத் தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டுச் சதவீதம் அதில் இருக்கும், உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள், கேட்டால் எதிரே இருப்பவரின் முகம் மாறும், மாறட்டும். செயலி வழியாக எடுக்கும் கடனாக இருந்தால், மனம் மாறினால் திருப்பிக் கட்டி வெளியேற குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அந்த நாளுக்கான வட்டியைத் தவிர அபராதம் கிடையாது.

சங்கிலி

நகைக்கடனில் வட்டி குறைவு என்பது உண்மை. அதனால் கணக்குப் பார்ப்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: வட்டி இன்னும் குறையும் என்று 'விவசாய நகைக்கடன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன் வாங்காதீர்கள். ஊர்ப்பக்கம் எல்லோரும் செய்வதுதான், ஆனால் பொய்யான நோக்கத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடுவது அம்மாவாக இருப்பார். போனின் விலை பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து இறங்கும், பவுன் பெரும்பாலும் ஏறும். ஏறும் பொருளை வைத்து இறங்கும் பொருளை வாங்குவது எப்படிப்பட்ட கணக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மீட்காமல் விட்டால் ஏலம். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டால் அவர் மறுக்க மாட்டார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரிகிறது. அதனால்தான் கேட்க வேண்டாம் என்கிறேன்.

பில் இல்லாத போன்

காவல் துறையினர் தொலைந்த செல்போன்களை மீட்டு உரியவர்களிடம் ஒப்படைக்கும் படம் செய்தித்தாளில் அவ்வப்போது வரும். மேசைமேல் வரிசையாகப் போன்கள், பின்னால் சிரிக்கும் முகங்கள். அந்தப் போன்கள் எங்கிருந்து மீட்கப்பட்டன என்று யோசித்திருக்கிறீர்களா? அவற்றில் பல, 'தெரிந்த ஒருவரிடம்' பில் இல்லாமல் மலிவாக வாங்கியவர்களின் கையிலிருந்துதான். அவர்கள் படத்தில் இருப்பதில்லை. கொடுத்த காசும் திரும்புவதில்லை.

1,34,900 ரூபாய் போன், பெட்டி இல்லை, பில் இல்லை, 58,000. "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொன்னால் காவல் ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வி, "இவ்வளவு மலிவாகக் கிடைத்தபோது சந்தேகம் வரவில்லையா?" என்பதாகத்தான் இருக்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது மட்டுமல்ல, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையில் வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி குற்றம். 2024 ஜூலைக்கு முன் இதுவே இந்திய தண்டனைச் சட்டம் 411.

பழைய போன் வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. நானே வாங்கியிருக்கிறேன். போனில் *#06# அழுத்தினால், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், அது முடக்கப்பட்ட போனா என்று தெரியும். விற்பவரின் பில்லில் உள்ள எண்ணும் போனில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அவருடைய அடையாள அட்டை நகலோடு ஒரு விற்பனைச் சீட்டும், வங்கி வழிப் பணமும் இருந்தால் போதும். விற்பவர் தன் கணக்கை உங்கள் கண்முன் போனிலிருந்து நீக்கித் தர வேண்டும். இல்லையென்றால் கையில் இருப்பது விலையுயர்ந்த கண்ணாடித் துண்டு. இவற்றில் ஒன்றுக்கு அவர் தயங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

போலீஸ் வருமா?

தவணை கட்டாதது உரிமையியல் (சிவில்) விவகாரம், அதற்காக யாரும் கைது செய்ய வர மாட்டார்கள். இதுதான் உங்கள் கேள்விக்குப் பொதுவான பதில். இதோடு நிறுத்திக்கொள்ளும் ஆலோசகர்கள் உண்டு. அது அரைப் பதில். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்துவிட்டு, கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு இருக்கிறது. காசோலை திரும்பும் வழக்கைப் போன்றதுதான்: நோட்டீஸ் அனுப்புவார்கள், கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம், அதற்குள் கட்டாவிட்டால் குற்றவியல் வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்காகப் பயந்து நடுங்க வேண்டாம். நோட்டீஸ் வந்தால் பிரிக்காமல் அலமாரியில் போடவும் வேண்டாம்.

வசூல் ஊழியர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. உறவினரிடமோ அலுவலகத்திலோ சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடியும் என்பது தவறு. கடனும் போனும் இரண்டு ஒப்பந்தங்கள். கடைக்காரர் தன் பணத்தை முதல் வாரமே வாங்கிவிட்டார். உங்கள் போன் அவருக்கு இனி வேண்டாம். கூட்டத்தில் தொலைந்தாலும் இதே கதைதான். அழகர் இறங்கும் நேரத்துக் கூட்டத்தில் உங்கள் கை மேலே இருக்கும், பை கீழே இருக்கும். தொலைந்த மறுநாளும் தவணை தேதி வரும். காப்பீடு எடுத்தால், உடைந்தால் மட்டுமா, களவு போனாலுமா, வெறுமனே தொலைந்தாலுமா என்று படித்துவிட்டு எடுங்கள். மூன்றாவதைத் தராத திட்டங்கள் நிறைய.

அந்த 1,900 ரூபாய்

உங்கள் கடிதத்தின் உயிர், நீங்கள் பின்குறிப்பாக எழுதிய இரண்டு வரியில் இருக்கிறது.

'பிறகு கட்டலாம்' என்று செயலியில் வாங்கியதும் கடன்தான். செயலியின் பெயர் ஒன்றாக இருக்கும், பின்னால் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். சிம் மாறியதால் அவர்களின் குறுஞ்செய்தி உங்களுக்கு வரவில்லை. ஆனால் யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கு, கட்டவில்லை என்ற தகவல் மாதாமாதம் போயிருக்கும். கடையில் உங்கள் பெயரில் கேட்டபோது 'ஸ்கோர் வரவில்லை' என்று சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கடன் வரலாறே இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றாலும், பைக் கடன் கட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கும் உங்களுக்கு அது பொருந்தவில்லை.

இந்தியாவில் இப்படிப்பட்ட கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்களின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். "இலவச ஸ்கோர்" என்று வரும் இணைப்புகளைத் தொட வேண்டாம். அறிக்கையில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாமல், கீழே ஒவ்வொரு கடனாகப் பாருங்கள்.

அந்த இயர்போன் நிலுவையில் இருந்தால், அறிக்கையில் உள்ள கடன் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கணக்கு விவரம் கேளுங்கள். 1,900 இன்று எத்தனை ஆயிரமாக ஊதியிருந்தாலும் அப்படியே கட்டிவிடாதீர்கள். அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது 2024 முதல் நடைமுறையில் உள்ள விதி. அதைச் சுட்டிக்காட்டிப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். "பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்று யாராவது தொலைபேசியில் தேனாகப் பேசினால் சம்மதிக்காதீர்கள். அப்படி முடிந்த கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்து கடன் கொடுப்பவர் அதைப் 'பாதி ஏமாற்றியவர்' என்று வாசிப்பார். நியாயமான தொகை முழுவதையும் கட்டி, 'க்ளோஸ்டு' என்று பதிவு செய்ய வைத்து, நிலுவையில்லாச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்காத கடன் ஏதாவது அதில் இருந்தால் திருத்தக் கோருங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு.

நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது இந்த இயர்போன் குறுக்கே வந்து நிற்காமல் இருக்கவாவது இதை முதலில் முடியுங்கள். போன் வாங்குகிறீர்களோ இல்லையோ.

உங்கள் செலவுக் கணக்கு

நீங்கள் எழுதியபடி, வீட்டுக்கு 10,000, அறையும் சாப்பாடும் 8,500, பைக் தவணை 3,150, பெட்ரோலும் ரீசார்ஜும் 2,500, தங்கையின் படிப்புக்காகப் போடும் சீட்டு 3,000. கூட்டினால் 27,150. மீதி 4,250. அதிலிருந்து 5,621 எப்படிப் போகும் என்று நீங்கள் எழுதவில்லை. "சமாளித்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் கட்டு கட்டாக நோட்டீஸ் கொண்டு வருபவர்கள் எல்லோரும் முதலில் சொன்ன சொல் அது.

ஆனால் பைக் கடன் ஐந்து மாதத்தில் முடிகிறது. சித்திரைக்கு எட்டு மாதம் இருக்கிறது. முதல் ஐந்து மாதம் 4,250, அடுத்த மூன்று மாதம் 7,400 என்று தனியாக எடுத்து வைத்தால் 43,000 ரூபாய்க்குமேல் சேரும். அதற்குள் உங்கள் கடன் அறிக்கையும் சுத்தமாகியிருக்கும். அப்போது, புதிய மாடல் வந்ததும் விலை இறங்கும் முந்தைய மாடலையோ, 70,000 ரூபாய் அளவில் தூரக் காட்சியை நன்றாக எடுக்கும் வேறொரு போனையோ, உங்கள் பெயரிலேயே, சிறிய தவணையில் வாங்கலாம். 1,34,900-தான் வேண்டும் என்றால் இன்னும் ஓராண்டு. இரண்டில் எது என்பதை வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியதில்லை. நான் என்றால் முந்தைய மாடல்.

மேசைமேல் வைக்கும் கூச்சத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால் வாசலில் ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்குகிறோம் அல்லவா? விரிசல் விட்ட போனுக்கும் ஒன்றரை லட்ச ரூபாய் போனுக்கும் அங்கே ஒரே மாதிரி டோக்கன்தான் தருகிறார்கள். அலுவலகம் கோயில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இப்போதைக்குத் திரையையாவது மாற்றிவிடுங்கள்.

முன்பணச் சீட்டு

வாங்கும் நாளில் பில் உங்கள் பெயரில், ஐஎம்இஐ எண்ணோடு இருக்க வேண்டும். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதி வைத்தாலும் அப்படித்தான். பில் தர மறுப்பதும் அதே வகை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

இனி அந்த 2,000. நீங்கள் அனுப்பிய நகலில் கடை முத்திரை இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை, எந்த மாடலுக்கு என்றும் இல்லை. 'திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டதாலேயே கடைக்கு அந்தப் பணம் சொந்தமாகிவிடாது. உங்களுக்காக அவர்கள் போனை வரவழைத்து, அதனால் நஷ்டம் வந்திருந்தால் நியாயமான அளவு பிடித்துக்கொள்ளலாம். கையிருப்பில் உள்ள போனுக்கு வாங்கிய முன்பணத்தை முழுவதும் விழுங்குவது வேறு. சண்டைக்குப் போகாதீர்கள். "கடன் கிடைக்கவில்லை, முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் பின்னால் வாங்கும்போது கழித்துக்கொள்வதாக எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். வாராவாரம் வரும் வாடிக்கையாளரை 2,000 ரூபாய்க்காக இழக்க மேலாளருக்கு மனம் வராது. வாய்ச்சொல்லாக ஒப்புக்கொண்டால் அன்றே வாட்ஸ்அப்பில் அதை அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். சீட்டின் மூலப்பிரதியைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.

சனிக்கிழமை போகும்போது, காட்சிக்கு வைத்திருக்கும் போனைக் கையில் வாங்கும் முன்பு மேலாளரைப் பார்த்துவிடுங்கள்.